மாடுகளைப் பெயர் சொல்லிச் சாட்சிக்கு அழைத்த காமாட்சி அக்கா

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காமாட்சி அக்காவின் பதினாறாம் நாள் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பால் சங்கத்தார் கேட்டபோது, "நல்லதா நாலு வார்த்தை போதும், பாப்பா" என்றார்கள். நாலு வார்த்தையில் அடங்குகிறவர் அல்ல அவர். அவருக்குக் கோபம் வரும் என்பதை எழுதுவேன். என்னால் நேர்ந்த தவற்றையும் எழுதுவேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் விடுவேன். ஏன் என்று உங்களில் பலருக்கு அந்த இடம் வந்ததும் தெரிந்துவிடும்.

செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். கிள்ளானில் எங்கள் பள்ளி மறுபடி திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பெஞ்சுகள் போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். தலையைத் தூக்கிப் பார்த்தால் சன்னலுக்கு வெளியே சங்கச் செயலாளர் முத்தையா அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார். கேன்களை ரயிலேற்ற ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் அவர் அங்கே நிற்பதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா போயிட்டாங்க, பாப்பா" என்றார். "காலையில பால் எடுக்கிற நேரத்துக்கு."

பதினோரு நாள் மலேரியாக் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கொய்னா மாத்திரை கிடைப்பதற்குள் உடம்பு சொல்பேச்சுக் கேட்காத நிலைக்குப் போய்விட்டது. அவருக்கு வயது முப்பத்து நான்கு.

பழைய கொட்டகை எரிந்த பிறகு சங்கத்தில் சேர்ந்த புதுக் குடும்பங்களும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பண்டமாரான் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது நம் சங்கம். காலையிலும் மாலையிலும் பாலைக் கொட்டகைக்குக் கொண்டு போவோம். அங்கே அதைப் பார்த்து, அளந்து, பெரிய கேன்களில் நிரப்பிக் கிள்ளான் கடைகளுக்கும், ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்கும் அனுப்புவார்கள். கொண்டு வந்த பாலை வாங்கிக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு சொல்வது காமாட்சி அக்காவின் வேலை. அவர் சொன்னால் சொன்னதுதான். என் அப்பாவின் பாலையே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க முன்பு ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. ஜப்பான்காரர்கள் வந்த வருஷம் ஒரு சிப்பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், பிடித்துப்போனது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாளிலிருந்து அக்கா கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க ஆரம்பித்தார். சொட்டு அப்படியே நின்றால் பால். ஓடினால் தண்ணீர். அதோடு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் "இது எவ பாலு?" என்று கேட்பார். ஆளின் பெயரைச் சொன்னால் கோபம் வரும். மாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். கன்று போட்டு எத்தனை நாள், என்ன தின்றது, நேற்று எப்படி இருந்தது எல்லாம் அந்தப் பெயரோடு அவர் மனசில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒன்றையும் மறந்ததில்லை.

ஒருநாள் கருப்பண்ணன் மாமாவின் பால் நகத்திலிருந்து மணிக்கட்டு வரை ஓடியது.

"மாமா, இது எவ பாலு?"

"வெள்ளச்சி பாலும்மா. மழையில நனைஞ்ச புல்லு, அதான் கொஞ்சம் எளசா இருக்கு."

"புல்லு நனைஞ்சா பால் எளசாவுமா? அப்ப வெள்ளச்சி நேத்து ஆத்துல முங்கிக் குளிச்சிருப்பா. தண்ணி வேணும்னா நான் கொழாயடிக்குப் போயிருப்பேன்ல, ஒங்ககிட்ட எதுக்கு நிக்கிறேன்? தூக்கிட்டுப் போங்க."

வரிசையே சிரித்தது. கருப்பண்ணன் மாமாவும் சிரித்தார். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவர் என்மேல் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அந்த நாட்களில் எனக்குப் பள்ளி கிடையாது. கையில் அகப்பட்ட புத்தகத்தைக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். அக்கா எனக்கு வைத்த பெயர் 'பொஸ்தகம்'.

ஜப்பான் ஆஸ்பத்திரிக்கு முதல் கேன்கள் போக வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அந்தக் காலத்தில்தான். தினமும் ஒரு சிப்பாய் வந்து நின்று எடுத்துக்கொண்டு போவான். அக்கா குனிந்து வணங்கிக் கொடுப்பார். அவன் போன பிறகு ஒரு சிறிய பாத்திரத்தைக் கோணிக்கு அடியிலிருந்து எடுப்பார். அது தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்கு. எந்தக் குழந்தை, எந்த வீடு என்று அவர் பார்த்ததில்லை. பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து பெண் ஒருத்தி வருவாள். ஈயச் சுரங்கத்து வேலை போன சீனர் ஒருவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் சிப்பாய் பாதி வழியில் திரும்பி வந்து அந்தப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டான். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். அக்கா இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினார். அவன் சற்று நேரம் பார்த்தான், மறந்து வைத்துவிட்டுப் போன தொப்பியை எடுத்துக்கொண்டான், போய்விட்டான். அக்கா உடனே எங்களிடம் திரும்பி, "என்னா வேடிக்கை? வரிசையில வாங்க" என்றார். அடுத்த பாத்திரத்தை நகத்தில் சொட்டு விட்டுப் பார்க்காமலேயே அவர் வாங்கிக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன். அதையும் எழுதிவிட்டேன்.

ஜப்பான் தோற்றுவிட்டது என்று செய்தி வந்து, ஆங்கிலேயர்கள் இன்னும் திரும்பி வராமல் இருந்த அந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லாத நாட்கள். ஒரு பிற்பகலில் இரண்டு லோரிகள் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றன. முகத்தில் துணி கட்டிய ஆட்கள் இறங்கினார்கள். "ஜப்பான்காரனுக்குப் பால் ஊத்தினவங்க நீங்கதானே" என்று ஒருவன் தமிழிலேயே கத்தினான். கேன்களை உடைத்தார்கள், கூரையில் தீ வைத்தார்கள். மழைக் காலம் என்பதால் அன்று பல குடும்பத்து மாடுகளைச் கொட்டகையை ஒட்டிய சங்கத்துப் பெரிய தொழுவத்தில் கட்டியிருந்தோம். சிலவற்றை ஓட்டிக்கொண்டு போனார்கள். மற்றவை கட்டிய இடத்தில் நின்று கதறின. அக்கா தீக்குள் போய்க் கழுத்துக் கயிறுகளை அறுத்துவிட்டார். கயிறு அறுபட்ட மாடுகள் சதுப்பு நிலப் பக்கம் ஓடின. வெளியே வந்தபோது அவருடைய இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. சங்கத்தின் பதிவேடு உள்ளேயே எரிந்துபோயிற்று.

ஆங்கிலேயர்கள் வந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டதும், நாட்டுப்புறத்தில் நடந்த இப்படிப்பட்ட தாக்குதல்களை விசாரிக்க அதிகாரிகளை அனுப்பினார்கள். நமக்கு நல்லது நடக்கும் என்று நினைத்தோம். அதற்குள் ஒரு மொட்டைக் கடிதம் போய்விட்டது. மாடுகளை முத்தையா முன்பே ஜப்பான்காரர்களுக்கு விற்றுவிட்டான், அதை மறைக்கக் கொட்டகைக்கு அவனே ஆள் வைத்துத் தீ வைத்தான், தொழுவத்தில் அன்று மாடுகளே இல்லை என்று எழுதியிருந்ததாம். யார் எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியாது. முத்தையா அண்ணனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். விசாரணை அதிகாரி உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அன்று தொழுவத்தில் எத்தனை மாடுகள் இருந்தன? அண்ணன் கொடுத்த எண்ணிக்கை உண்மையென்று நிரூபணமானால் அவர் வீட்டுக்கு வருவார். இல்லையென்றால் வழக்கு, சிறை.

விசாரணை கிள்ளானில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. சீருடை அணிந்த துரை ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். களைத்த முகம், ஆனால் கடுமையானவர் அல்ல. அவர் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர். அலுவலகக் குமாஸ்தா என்பதால் நம் ஆட்கள் அவரைக் கிராணி ஐயா என்றார்கள். மேசைமேல் ஒரு நோட்டு இருந்தது. தீயில் போன பதிவேட்டுக்குப் பதிலாக முத்தையா அண்ணன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதிய பட்டியல் அது. எழுதியது நான், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அண்ணன் என்னை எழுத வைத்திருந்தார். விசாரணையில் பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வா என்று காமாட்சி அக்கா என்னை அழைத்துப் போனார். "அவங்க சொல்றத எழுது. நீ நெனைக்கிறத எழுதாத" என்றார்.

முதல் சாட்சி கருப்பண்ணன் மாமா. உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்தார்.

"தொழுவத்தில் உமக்கு எத்தனை மாடுகள் இருந்தன?"

"என்னமோ ரெண்டு மூணு நின்னுச்சுங்க."

"இரண்டா? மூன்றா?"

"அதாங்க ஐயா. ரெண்டு மூணு."

துரை மூன்று என்று எழுதினார். நோட்டில் என் கையெழுத்தில் இருந்தது அதைப் போல் பல மடங்கு. அடுத்த சாட்சியும் ரெண்டு மூணு. அதற்கடுத்தவர், "நமக்கு என்னாங்க பெருசா, ஒண்ணு ரெண்டு." ஒவ்வொரு பதிலுக்கும் துரையின் புருவம் உயர்ந்துகொண்டே போனது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் அப்பா வந்தார். சத்தியம் செய்தார். "ஏதோ ரெண்டு நின்னுச்சுங்க" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. சத்தியம் செய்துவிட்டு அப்பா பொய் சொல்கிறாரே, அண்ணன் சிறைக்குப் போகப் போகிறாரே என்று எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் மாடுகளின் சரியான எண்ணிக்கையைச் சொன்னேன். ஆங்கிலத்திலேயே சொன்னேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துரை பேனாவைக் கீழே வைத்தார். "இந்த நோட்டில் இருப்பது யார் கையெழுத்து?"

"என்னுடையது, ஐயா."

"யார் சொல்லி எழுதினாய்?"

"முத்தையா அண்ணன் சொல்லி."

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. துரையின் கண்ணில் பெரியவர்கள் எல்லாரும் சத்தியத்தின்மேல் ஓர் எண்ணிக்கை சொல்கிறார்கள். செயலாளரிடம் எழுத்து வேலை செய்த பெண் ஒருத்தி மட்டும், அவர் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறாள். துரை அப்பாவிடம் திரும்பி, மகள் சொல்வது உண்மையா என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். "புள்ள படிச்ச புள்ளைங்க" என்றார். மறுநாள் மிச்சமிருக்கும் ஒரு சாட்சியையும் கேட்டுவிட்டு முடித்துக்கொள்வதாகத் துரை சொல்லிவிட்டார். அந்த ஒரு சாட்சி காமாட்சி அக்கா.

அன்று மாலை அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்தார், யாரும் தொடவில்லை. நான் வாசல் படியில் அழுதுகொண்டிருந்தேன். அக்கா கைக்கட்டோடு வந்தார்.

"ஏ பொஸ்தகம், நீ சொன்னது பொய்யா?"

"இல்லக்கா."

"பின்ன எதுக்கு ஒப்பாரி?"

"அப்பா பொய் சொன்னாரு. நான் அத எல்லார் முன்னாலயும்…"

"ஒங்கப்பன் எங்க பொய் சொன்னான்? அண்ணே, இங்க வாங்க. ஒங்க மவ ஒங்களப் பொய்யன்னு சொல்றா."

அப்பா மெதுவாக வந்து படியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் அக்காவிடம்தான் பேசினார். "எண்ணி எப்படிம்மா வாயால சொல்றது? மாட்ட எண்ணிச் சொன்னா நிக்குமா? அதுவும் இப்ப. சதுப்புக்குள்ள ஓடினது ஒண்ணாச்சும் திரும்பி வரும்னு தெனம் போய்க் குரல் குடுத்துட்டு வரேன். இத்தனைன்னு சொல்லிட்டா அதுவும் வராமப் போயிடும்மா."

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அப்பா ஒருநாளும் எண்ணிச் சொன்னதில்லை. யார் கேட்டாலும் ரெண்டு மூணு நிக்குது என்பார். கேட்பவரும் மாடு வைத்திருப்பவராக இருந்தால் அதற்குமேல் கேட்க மாட்டார். முத்தையா அண்ணன்கூடத் தொழுவத்துக்கு வந்து தானே பார்த்துத்தான் எழுதிக்கொள்வார். ஆனால் சத்தியம், மேசை, துரை எல்லாவற்றையும் பார்த்ததும் புத்தகத்தில் படித்த சத்தியம் மட்டும்தான் எனக்கு நினைவு வந்தது. கிராணி ஐயா நகரத்தில் பிறந்தவர், அவருக்கும் தெரியவில்லை. ஒரே மண்டபத்தில் எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம். அண்ணன் சிறைக்குப் போகிறார்.

"நாளைக்கு இதத் தொரைகிட்ட எடுத்துச் சொல்லிடலாம்க்கா" என்றேன்.

"சொன்னா? நல்ல கதைன்னு சிரிப்பாரு. எண்ணிக்கை அப்பவும் கெடைக்காது." அக்கா அப்பாவிடம் திரும்பி, "அண்ணே, பேரச் சொல்லுவீங்களா?" என்றார்.

"பேரச் சொல்றதுல என்னா இருக்கு? தெனம் கூப்புடுறதுதானே."

அக்கா எழுந்து தூறலில் இறங்கி நடந்தார். ஒவ்வொரு வீடாகப் போய் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்: நாளைக்கு வாங்க, மாட்டக் கூப்புடணும்.

மறுநாள் சத்தியம் செய்ததும் அக்காவிடம் அதே கேள்வி வந்தது.

"கிராணி ஐயா, தொரைகிட்ட ஒண்ணு சொல்லுங்க. எங்காளுங்ககிட்ட எத்தனைன்னு கேக்க வேணாம். எந்தெந்த மாடுன்னு கேக்கச் சொல்லுங்க."

"அம்மா, இது அரசாங்க விசாரணை. விளையாட்டு இல்லை."

"நானும் வெளயாடல ஐயா. வெளயாடுறதுக்கா கையில கட்டோட நடந்து வந்தேன்? எல்லாரையும் வெளிய மரத்தடியில நிறுத்துங்க. நான் இங்க எல்லா வீட்டு மாட்டையும் பேர் சொல்றேன். தொரை எழுதிக்கட்டும். அப்புறம் ஒவ்வொருத்தரா கூப்புட்டு அவங்க வாயால கேளுங்க. நான் சொன்னது ஒண்ணு தப்பினாலும் என்னையும் உள்ள வைங்க."

கிராணி ஐயா மொழிபெயர்த்தார். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டார். நான் எழுந்து அதையும் சொல்லட்டுமா என்று அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே உட்கார் என்றார். துரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சரி என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கொட்டகை வரிசையில் யார் முன்னால் நிற்பார்கள், யார் அடுத்து நிற்பார்கள் என்ற அதே ஒழுங்கில் பெயர்கள் வந்தன. கருப்பண்ணன் மாமா வீடு: வெள்ளச்சி, காரி, கட்டைக்கொம்பி, காரியோட பெரிய மவ… எங்கள் வீடு: செவலை, சுட்டி, மயிலை… யார் வீட்டுப் பெயர்களையும் இதற்குமேல் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் எண்ணிவிடுவீர்கள், மாமாவும் அப்பாவும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். நான் விடப்போவதாக முதலில் சொன்னது இதுதான்.

ஒவ்வொரு பெயரையும் எழுதி அதன் எதிரே துரை ஒரு கோடு போட்டார். நடுவில் அக்கா ஒரு பெயரைச் சொன்னதும் கிராணி ஐயா தயங்கினார்.

"என்ன பெயர்?" என்று துரை கேட்டார்.

"தொரைசானிங்க" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலேயே. "வெளுப்பா இருப்பா. யாரு தொட்டாலும் பிடிக்காது. ஆனா நல்ல பாலு."

கிராணி ஐயா வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார். துரை முதல் முறையாகச் சிரித்தார்.

பிறகு சாட்சிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். எத்தனை என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கருப்பண்ணன் மாமா தொழுவத்தில் நிற்பதைப் போலவே குரலெடுத்துக் கூப்பிட்டார். காரியோட பெரிய மவளையும் விடவில்லை. துரை அக்கா சொன்ன பெயர்கள் இருந்த தாளில் டிக் போட்டுக்கொண்டே போனார். என் அப்பா வந்தார். ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். செவலையின் பெயரைச் சொன்னபோது குரல் உடைந்தது. செவலை தீயில் போனவள். கடைசி ஆள் போன பிறகு துரை கோடுகளை எண்ணினார், என் நோட்டைத் திறந்தார், மறுபடி எண்ணினார். ஒரு மாடுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

ஆனால் அவர் அக்காவை விட்டுவிடவில்லை. "ஜப்பானியருக்குப் பால் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அக்காவுக்குப் பலர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"கொடுத்தேன்" என்றார். "தெனம் கொடுத்தேன். குனிஞ்சு கும்புட்டுக் கொடுத்தேன். துப்பாக்கி வச்சிருந்தான். மிச்சத்தப் பிள்ளைங்களுக்குக் கொடுத்தேன். அவனுக்குக் கொடுக்கலன்னு சொன்னா, பிள்ளைங்களுக்குக் கொடுத்ததும் பொய்னு ஆயிடும்."

கடைசிக் கேள்வி, தாக்கியவர்களில் யாரையாவது அடையாளம் தெரியுமா என்பது. பக்கத்துக் கம்பத்து ஆட்கள்தான் என்று நம்மில் சிலர் முடிவு கட்டி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும்.

"மூஞ்சியில துணி. நான் தீயப் பாத்தேன், மாட்டப் பாத்தேன். ஆளப் பாக்கல."

பின்னாலிருந்து ஒரு குரல்: "சொல்லு காமாட்சி! ஒனக்கா தெரியாது?"

அக்கா முழு உடம்பையும் திருப்பினார். "ஒனக்குத் தெரிஞ்சா நீ வா. சத்தியம் பண்ணு. நாக்காலி இங்கதான் கெடக்கு." யாரும் வரவில்லை. அந்த நாற்காலியில் அவர் வேறு பதில் சொல்லியிருந்தால் அந்த வாரமே இன்னும் சில கூரைகள் எரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம் நாள் முத்தையா அண்ணனை விட்டுவிட்டார்கள். அக்கா அவரைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "தாடிய எடுத்துட்டு வா தம்பி, மாடு மெரளும்" என்பதுதான்.

விசாரணை அறிக்கையின் பிரதி ஒன்று சங்கத்துக்கு வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் படித்துப் பார்த்தேன். துரை நியாயமாகவே எழுதியிருந்தார். செயலாளர்மேல் குற்றம் இல்லை, மொட்டைக் கடிதம் பொய், தாக்கியவர்கள் யாரென்று தெரியவில்லை. மாடுகளின் எண்ணிக்கை உறுதியானது எப்படி என்பதற்கு ஒரே ஒரு வரி: 'சங்கத்தின் பெண் ஊழியர் ஒருவர் அளித்த உதவியால்.' அக்காவின் கட்டிலருகில் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். எனக்குக் கோபம் வந்தது.

"அதென்னக்கா, ஒருவர்? ஒங்க பேரு தெரியாதா அவருக்கு?"

காய்ச்சலிலும் அவர் சிரித்தார். "முத்தையா பேரு சரியா இருக்கா? குத்தம் இல்லன்னு இருக்கா? அது போதும். போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு."

அக்கா சொன்னதில் நான் ஏற்றுக்கொள்ளாதது அந்த ஒன்றுதான். அது போதாது. சங்கத்துப் பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில், முத்தையா அண்ணனின் அனுமதியோடு, மையால் எழுதியிருக்கிறேன்: காமாட்சி, பால் பார்ப்பவர், பண்டமாரான். நாளைக்கு எந்த அதிகாரி வந்து அந்தத் தாளை எடுத்தாலும் அக்காவின் பெயரைப் படித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று யோசித்துப் பார்த்தேன். நான் உண்மையைச் சொல்ல எழுந்தேன், அதனால் ஒரு மனிதர் சிறைக்குப் போக இருந்தார். அக்காவும் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் மற்றவர்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல ஒரு வழி செய்து கொடுத்தார். பதில் ஒத்துவராதபோது ஆளைச் சந்தேகிக்காமல் கேள்வியை மாற்றிக் கேட்டார். நான் படித்து ஆசிரியையாக ஆனாலும், கிராணியாக ஆனாலும், ஒருநாள் அப்படி ஒரு மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாலும், இதை விடமாட்டேன். அது என்னால் முடியும் என்றும் எனக்குத் தெரிகிறது. முடியும் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

புதுக் கொட்டகையின் எழுத்து மேசையில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன். மாலைப் பால் ரயிலுக்குப் போய்விட்டது. முத்தையா அண்ணன் கடைசிக் கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "எழுதி முடிச்சாச்சா, பாப்பா?" என்று கேட்டார். முடிச்சாச்சு என்றேன். அவர் விளக்குகளை அணைத்துவிட்டார்.